மரம் நமக்கு, கதை அவர்களுக்கு: சிடார் சிற்பம் வாங்குமுன் அறிய வேண்டியவை

வான்கூவரிலோ சியாட்டிலிலோ கப்பலேறி அலாஸ்கா சுற்றிவரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது ஏராளம். டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு மேற்குக் கரை போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் பெற்றோர் என்று அந்தக் கரையோரக் கடைத்தெருக்களில் நம்மவர்களை நிறையப் பார்க்கலாம். ஊர் திரும்பும்போது பலர் பையில் ஒரு சிறிய குலக்குறித் தூணோ, அண்டங்காக்கை முகமூடியோ, சிவப்பும் கறுப்பும் தீட்டிய துடுப்போ இருக்கும். "இந்த ஊர்ப் பூர்வகுடிகள் கையால் செதுக்கியது" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அதை அப்படியே நம்பி வாங்கிவிடுகிறோம்.

அலாஸ்காவின் கெட்சிகன் துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இரண்டு கடைகள் வைத்திருந்த ஒருவர், அலாஸ்காப் பூர்வகுடிகளின் கைவேலை என்று சொல்லி மரத்தூண்களையும் கல் சிற்பங்களையும் பல ஆண்டுகள் விற்றுவந்தார். உண்மையில் அவை பிலிப்பைன்ஸில் அவருடைய குடும்பம் நடத்திய பட்டறையில் செய்து இறக்குமதியானவை. வருகிறவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காகப் பூர்வகுடியினர் சிலரைக் கடையில் அமர்த்தி, அவர்களே செதுக்கியதுபோலக் காட்டியிருக்கிறார்கள். விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 2023-இல் அந்தக் கடைக்காரருக்கு 2 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த வகைக் குற்றத்துக்கு அதுவரை கிடைத்த தண்டனைகளில் அதுதான் நீண்டது.

அந்தக் கடைகளில் காசு கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். அதே ஊரில் நாட்கணக்கில் உட்கார்ந்து ஒரு முகமூடியைச் செதுக்கிய ட்லிங்கிட் சிற்பியின் பிழைப்பும் அதே கையோடு போயிற்று. வாங்குகிறவருக்கும் சிற்பிக்கும் நஷ்டம் ஒரே இடத்தில் நேர்கிறது. அதனால் இருவரையும் காக்கும் வழியும் ஒன்றுதான்: செதுக்கியவர் யார், அவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர், இந்த உருவத்தைச் செதுக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது. இந்தக் கட்டுரை அதற்கான வழிகாட்டி.

மரமும் மக்களும்

அலாஸ்காவின் தென்கிழக்கிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா வழியாக வாஷிங்டன் மாநிலம் வரை நீளும் மழைக்காட்டுக் கரையில் ட்லிங்கிட், ஹைடா, சிம்ஷியான், நிஸ்கா, ஹைஸ்லா, குவாகுவாகாவாக், நூ-சா-நுல்த், கோஸ்ட் சாலிஷ் எனப் பல குடிகள் வாழ்கின்றன. மொழி வேறு, சடங்கு வேறு, செதுக்கும் பாணியும் வேறு. இவர்கள் எல்லோருடைய வாழ்விலும் நடுவே நிற்பது சிடார் மரம்.

சிவப்பு சிடார் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நிற்கக்கூடியது. எடை குறைவு, இழை நேராக ஓடும், ஆப்பு அடித்தால் பலகையாகப் பிளக்கும். மரத்திலேயே ஊறியிருக்கும் வேதிப்பொருள்கள் பூஞ்சையை அண்டவிடா. வீடு, படகு, தூண், பெட்டி எல்லாம் இதில்தான். ஒரே பலகையில் மூன்று இடங்களில் வெட்டுக் கொடுத்து, நீராவியில் பதமாக்கி மடக்கி, நான்காவது மூலையை மட்டும் ஆணியோ தையலோ போட்டு இணைக்கும் பெட்டி இவர்களுடைய தொழில் நுட்பத்துக்குச் சான்று. மஞ்சள் சிடார் இழை நெருங்கியது. துடுப்புக்கும் முகமூடிக்கும் நுணுக்கமான வேலைக்கும் ஏற்றது. முகமூடி, கரண்டி, கிண்ணம் ஆகியவற்றுக்கு ஆல்டர் மரமும் உண்டு. மரத்தின் பட்டையைக் கூட ஒரு பக்கம் குறுகலாகவே உரிப்பார்கள், மரம் தொடர்ந்து உயிரோடு இருக்கும். இப்படித் தழும்பு ஏறிய மரங்களில் 1846-க்கு முந்தியவை பிரிட்டிஷ் கொலம்பியாவின் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

தூணிலும் முகமூடியிலும் காணும் கழுகு, ஓநாய், கரடி, திமிங்கிலம் எல்லாம் வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. பல குடிகளில் அவை குறிப்பிட்ட குலத்தின் அல்லது குடும்பத்தின் சின்னங்கள். அந்தச் சின்னத்தோடு ஒரு முன்னோர் கதையும், பாட்டும், ஆட்டமும், பெயரும் சேர்ந்து வரும். அவற்றைக் காட்டவும் பாடவும் ஆடவும் உரிமை யாருக்கு என்பது பாட்லாட்ச் எனப்படும் பெருவிருந்தில் சாட்சிகள் முன் சொல்லப்படும். வந்தவர்களுக்குப் பரிசு வழங்குவது அந்தச் சாட்சியத்துக்கான கொடை. அந்தச் சபையில் அறிவித்த உரிமைதான் அவர்களுக்குப் பத்திரம்.

தடைக்குப் பின் மிஞ்சிய தழும்பு

கனடா அரசு இந்தப் பெருவிருந்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1884-இல் திருத்தம் நிறைவேறி, 1885-இல் நடைமுறைக்கு வந்து, 1951 வரை தடை இருந்தது. 1921-இல் வில்லேஜ் தீவில் நடந்த ஒரு பாட்லாட்சுக்காக 45 பேர் மீது வழக்குத் தொடுத்தார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனை தளரும் என்றார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் போயின. அவற்றைத் திரும்பப் பெறும் நீண்ட போராட்டத்தின் விளைவாக 1980-இல் அலர்ட் பே ஊரில் உமிஸ்தா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது.

தூண்களும் தப்பவில்லை. ஹைஸ்லா மக்களின் நினைவுத் தூண் ஒன்றும் நிஸ்கா மக்களின் நினைவுத் தூண் ஒன்றும் ஒரே ஆண்டில், 1929-இல், ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. ஸ்வீடனுக்குப் போன ஹைஸ்லா தூண் 2006-இல் வீடு திரும்பியது. ஸ்காட்லாந்துக்குப் போன நிஸ்கா தூண் 2023-இல்தான் திரும்பியது. ஹைடா குவாய் தீவுகளின் மாசெட் ஊரில், தலைமுறைகளாகத் தூண் நடாத மண்ணில், 1969-இல் 22 வயது ராபர்ட் டேவிட்சன் ஒரு தூணைச் செதுக்கி நிறுத்தினார். அறுந்துபோகும் நிலையில் இருந்த கலையை மங்கோ மார்ட்டின், பில் ரீட் போன்ற மூத்தவர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தவர்களும் இழை இழையாக மீட்டார்கள். இன்று டெரஸ் ஊரிலுள்ள ஃப்ரீடா டீசிங் பள்ளியில் இளையவர்கள் முறையாகச் செதுக்கக் கற்கிறார்கள். அவர்கள் கற்று முடித்து வரும் சந்தையில் போலிகள் முந்திக்கொண்டு நின்றால், மீட்ட கலை மறுபடி தளரும். நம் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இத்தனை முக்கியம் இருக்கிறது.

காசு கொடுத்தால் எது நமக்குச் சொந்தம்?

சிற்பத்தை விலைக்கு வாங்கினால் அந்தப் பொருள் உங்களுடையது. வீட்டில் வைக்கலாம், பரிசளிக்கலாம், விற்கலாம். பொருளோடு சேர்ந்து வராதவை மூன்று.

முதலாவது, பதிப்புரிமை. கனடாவில் இது சிற்பியின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் நீடிக்கும். நீங்கள் சொல்லி, உங்கள் பணத்தில் செய்வித்த சிற்பமானாலும், சிற்பி எழுத்தில் மாற்றிக்கொடுக்காதவரை பதிப்புரிமை அவருடையதே. உங்கள் உணவகத்தின் சின்னமாக அந்தக் கழுகை வைப்பது, கல்யாணப் பத்திரிகையில் அச்சிடுவது, சட்டையில் போட்டு விற்பது எல்லாவற்றுக்கும் அவருடைய எழுத்துபூர்வ அனுமதி தேவை.

இரண்டாவது, படைப்பாளியின் தார்மீக உரிமை. தன் பெயர் தன் படைப்போடு இருக்கவும், படைப்பு சிதைக்கப்படாமல் இருக்கவும் சிற்பிக்கு உள்ள உரிமை இது. டொராண்டோ ஈட்டன் சென்டரின் கூரையில் பறக்கும் வாத்துச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸுக்காக அவற்றின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியதை எதிர்த்து, அவற்றைப் படைத்த மைக்கேல் ஸ்னோ வழக்குத் தொடுத்தார். 1982-இல் நீதிமன்றம் ரிப்பன்களை அவிழ்க்கச் சொன்னது. வாத்துகள் வணிக வளாகத்துக்குச் சொந்தம், ஆனாலும் அவற்றை மாற்றும் உரிமை அதற்கு இல்லை. வீட்டுச் சுவரின் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒரு முகமூடிக்கு வேறு வண்ணம் பூசுமுன் இதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவிலும் சிற்பிகளுக்கு இத்தகைய உரிமையை 1990-இல் ஒரு சட்டம் தந்தது.

மூன்றாவது, குலத்தின் உரிமை. ஒரு குடும்பத்தின் சின்னம் நூற்றாண்டுகளாக வழங்கி வருவது. பதிப்புரிமைச் சட்டம் தனி ஆளின் படைப்பை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே காக்கும். அதனால் குலச் சின்னங்கள் அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டுவதில்லை. தங்கள் பண்பாட்டுச் செல்வத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை பூர்வகுடிகளுக்கு உண்டு என்று ஐ.நா.வின் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரகடனத்தை ஏற்றுப் பிரிட்டிஷ் கொலம்பியா 2019-இலும், கனடா 2021-இலும் சட்டம் இயற்றின. கடைத்தெரு வரை அதன் பாதுகாப்பு வந்து சேர இன்னும் நிறைய வேலை இருக்கிறது. அதுவரை இந்த உரிமையைக் காப்பது வாங்குகிறவரின் மனச்சாட்சிதான். முகமூடியை வாங்கலாம், அதை அணிந்து ஆடும் உரிமை அதனோடு வருவதில்லை. பிள்ளைகளின் பள்ளி விழாவுக்கு அதை வேடமாக மாட்டிவிடுவது தவறு.

போலிகள் வரும் வழிகள்

முழுப் பொய் ஒரு வகை. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் செதுக்கியதையும், பிசினில் வார்த்து மரம்போல் வண்ணம் அடித்ததையும் உள்ளூர்க் கைவேலை என்று விற்பது. பூர்வகுடியைச் சேராத ஒருவர், தான் சேர்ந்தவன் என்று சொல்லிக் கேலரிகளுக்குக் கொடுப்பது இன்னொரு வகை. சியாட்டில் கடைகளில் விற்ற சிற்பங்கள் தொடர்பாக 2021-இல் இப்படி இருவர் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது.

அரை உண்மை இன்னும் தந்திரமானது. "பூர்வகுடிப் பாணி", "பசிபிக் கரை மரபில்", "அலாஸ்கா வடிவமைப்பு" என்ற சொற்களில் செதுக்கியவர் யார் என்ற பதிலே இருக்காது. பூர்வகுடிக் கலைஞரின் ஓவியத்தை உரிமம் பெற்று, அவருக்குப் பங்கு கொடுத்து, குவளையிலோ போர்வையிலோ அச்சிட்டு விற்பதும் உண்டு. அது நேர்மையான வியாபாரம். ஆனால் அது கைச்செதுக்கல் அல்ல என்பதும், கலைஞர் யார் என்பதும் அட்டையில் தெளிவாக இருக்க வேண்டும். பூர்வகுடியில் பிறக்காமல், மூத்த சிற்பிகளிடம் முறையாகக் கற்றுச் செதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தன்னைப் பற்றி உள்ளபடி சொல்கிறவரிடம் தெரிந்தே வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. பூர்வகுடிக் கைவேலை அல்லாததை அப்படிச் சொல்லி விற்றால் முதல் குற்றத்துக்கே 5 ஆண்டுச் சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் வரை போகலாம். இறக்குமதியான பூர்வகுடிப் பாணிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும் என்ற விதியும் உண்டு. அடிப்பாகத்தில் ஸ்டிக்கர் கிழித்த பசை தெரிந்தாலோ, எழுத்தைச் சுரண்டிய தடம் இருந்தாலோ எச்சரிக்கையாகுங்கள். அலாஸ்காவில் மாநிலக் கலை மன்றம் வழங்கும் "வெள்ளிக் கை" முத்திரை, அங்கு வாழும் பூர்வகுடிக் கலைஞர் அங்கேயே செய்த அசல் பொருள் என்பதற்கு அடையாளம். முத்திரை இல்லாததெல்லாம் போலி என்று ஆகாது, பல கலைஞர்கள் அதைப் பெறாமலே நேர்மையாக விற்கிறார்கள்.

கனடாவில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. பொய் விளம்பரத்தைத் தடுக்கும் போட்டிச் சட்டம், மாகாண நுகர்வோர் சட்டம், விற்பனைச் சட்டம் ஆகியவற்றைக் கொண்டுதான் நியாயம் கேட்க வேண்டும். அங்கு வாங்குகிறவர் இன்னும் கூடுதலாக விழித்திருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. செதுக்கியவரின் பெயர் என்ன? எந்தக் குடி, எந்த ஊர்? "உள்ளூர் ஆள்" என்ற பதிலோடு நின்றுவிட வேண்டாம்.
2. எந்த மரம்? எந்த ஆண்டு செதுக்கியது? கையாலா, இயந்திரத்தாலா?
3. இது என்ன உருவம்? சிற்பி இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்?
4. சிற்பியிடம் நேராக வாங்கினீர்களா? அவருக்குப் பங்கு எப்படிப் போகிறது?
5. இவை அனைத்தையும் ரசீதில் எழுதித் தருவீர்களா?

ஐந்தாவது கேள்விதான் உரைகல். நேர்மையான கேலரி தானாகவே எழுதித் தரும். வாயால் அள்ளிவிட்டுப் பேனாவை எடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பொருளையும் கையில் எடுத்துப் பாருங்கள். சிற்பிகள் பெரும்பாலும் பின்புறத்தில் பெயரைக் கையால் எழுதியோ பொறித்தோ இருப்பார்கள். வாய்ச்சியும் வளைகத்தியும் பட்ட தடம் சீராக இருந்தாலும் ஒவ்வொன்றும் சற்றே மாறும். அடுக்கில் பத்துத் தூண்கள் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோலவே இருந்தால் அது பட்டறைச் சரக்கு. சிடாருக்கு ஒரு தனி வாசனை உண்டு, பிசினுக்கு அது வராது. ஆனாலும் கண்ணும் மூக்கும் மட்டும் போதா, வெளிநாட்டில் சிடாரிலேயே செதுக்கிய போலியை அவை பிடிக்காது. பெயரும் குடியும் எழுதிய தாள்தான் பிடிக்கும். சிற்பியின் பெயர் தெரிந்ததும் இணையத்தில் தேடுங்கள், அவருடைய மற்ற வேலைகளோடு ஒப்பிடுங்கள். அலர்ட் பேயின் உமிஸ்தா மையம், வான்கூவரின் பில் ரீட் கேலரி, விஸ்லரின் ஸ்குவாமிஷ் லில்வாட் பண்பாட்டு மையம், ஜூனோவின் சீலாஸ்கா பாரம்பரிய நிறுவனம் போன்ற இடங்களை முதலில் ஒரு முறை பார்த்துவிட்டால் கண் பழகிவிடும்.

சொல்லிச் செய்விக்கும்போது

கடையில் வாங்குவதைவிட ஒரு சிற்பியிடம் நேராகப் பேசிச் செய்விப்பது இருவருக்கும் நிறைவானது. முதலில் அவருடைய வேலைகளைப் பாருங்கள். அவர் எந்த மரபில் செதுக்குகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹைடா சிற்பியிடம் போய்க் கோஸ்ட் சாலிஷ் பாணியில் கேட்பது முறையாகாது. வான்கூவர் ஸ்டான்லி பூங்காவில் வரிசையாக நிற்கும் தூண்களைப் பார்த்து, அதுதான் அந்த மண்ணின் கலை என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த மண் மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேல்-வாடூத் ஆகிய கோஸ்ட் சாலிஷ் மக்களுடையது. நெடுந்தூண்களோ வடக்கிலுள்ள குடிகளின் மரபு. சாலிஷ் மக்களின் மரபு வீட்டுத் தூண்கள், வாசல்கள். அந்தக் குறையைப் போக்கத்தான் மஸ்குவியம் கலைஞர் சூசன் பாயின்ட் செதுக்கிய சிடார் வாசல்கள் 2008-இல் அங்கே நிறுவப்பட்டன.

உருவத்தைப் பற்றிப் பேசும்போது உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். "புத்தகத்தில் பார்த்த இந்தத் தூண் அப்படியே வேண்டும்" என்று கேட்டால், அது வேறொரு குடும்பத்தின் சின்னமாக இருக்கலாம். "எங்கள் குடும்பம் கடல் கடந்து வந்து ஊன்றிய கதையை உங்கள் மரபில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் அவருக்கே உரிய வழியைக் காட்டுவார். "அது எங்களிடம் விற்பனைக்கு உரியதல்ல" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பொதுப் பார்வைக்கே கொண்டுவரக் கூடாத சடங்கு முகமூடிகளும் உண்டு.

பேச்சு முடிந்ததும் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை:

- மரம், அளவு, உருவம், வண்ணம், உள்ளே வைப்பதா வெளியே நிறுத்துவதா என்ற விவரம். மரம் எங்கிருந்து வருகிறது என்பதும்.
- மொத்த விலை, அச்சாரம், வரைபடம் ஒப்புக்கொண்டதும் தர வேண்டியது, முடிந்ததும் தர வேண்டியது.
- முடிக்க வேண்டிய காலம், தாமதமானால் என்ன செய்வது. குடும்பத்தில் சாவு நேர்ந்தாலோ, சடங்குக் கடமை வந்தாலோ சிற்பி வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கு இடம் விடுங்கள்.
- நீங்கள் பாதியில் விலகினால் அச்சாரம் யாருக்கு, அவரால் முடிக்க இயலாவிட்டால் எவ்வளவு திரும்பும்.
- பதிப்புரிமை சிற்பியிடமே இருக்கும் என்ற வரி. படம் எடுத்துப் பகிர்வதற்கான அனுமதியின் அளவு.
- கட்டி அனுப்பும் செலவும் வழியில் சேதமானால் பொறுப்பும் யாருடையது.
- பெயர், குடி, ஆண்டு, மரம் எழுதிக் கையொப்பமிட்ட சான்று.

பள்ளி, சங்கம், நிறுவனம் சார்பில் பெரிய தூண் நிறுத்துவதானால் இன்னும் ஒரு படி உண்டு. எந்தக் குடியின் நிலத்தில் அது நிற்கப்போகிறதோ அவர்களிடம் முதலிலேயே பேசி இசைவு பெற வேண்டும். தூண் நிறுத்தும் சடங்கு, விருந்து, சாட்சிகளுக்கான கொடை ஆகியவற்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அவை தூணின் பகுதியே.

பேரத்துக்கும் ஓர் எல்லை

வான்கூவர், சியாட்டில் தெருக்களில் சிற்பிகள் சிலர் கையில் இரண்டு மூன்று சிறு சிற்பங்களோடு நேராக விற்பார்கள். அன்றைய சாப்பாட்டுக்கோ இரவு தங்க இடத்துக்கோ பணம் தேவைப்படுகிறவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். அந்த நெருக்கடியைப் பயன்படுத்தி அடித்துப் பேசுவது நமக்கு அழகல்ல. சொன்ன விலையைக் கொடுங்கள். பெயரையும் குடியையும் கேட்டு, அவர் இசைந்தால் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பின்னாளில் அந்தச் சிற்பத்தின் மதிப்புக்கும் அதுவே ஆதாரம்.

தெருவில் செதுக்குகிறவர்களின் வாழ்வு எத்தனை நொய்தானது என்பதற்கு ஜான் டி. வில்லியம்ஸின் கதை போதும். நூ-சா-நுல்த் மக்களின் டிடிடாட் குடியைச் சேர்ந்த, பரம்பரைச் சிற்பி. 2010 ஆகஸ்ட் 30 அன்று ஒரு சிடார்த் துண்டும் செதுக்கும் கத்தியுமாகச் சியாட்டில் தெருவைக் கடந்தபோது போலீஸ்காரர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். நகராட்சி குடும்பத்துக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. அவருடைய அண்ணன்தம்பிகளில் ஒருவர் செதுக்கிய நினைவுத் தூண் 2012-இல் சியாட்டில் சென்டர் வளாகத்தில் நிறுத்தப்பட்டது. தொழிற்கருவியைக் கையில் வைத்திருந்ததே உயிருக்கு உலையானது. தெருச் சிற்பியிடம் மரியாதையாகப் பேசி, உரிய விலை கொடுத்து வாங்குவது நம்மால் முடிந்த குறைந்தபட்ச நியாயம்.

பழைய பொருள் என்றால்

"நூறு ஆண்டுப் பழமை" என்று விற்கப்படும் முகமூடியையோ தூணையோ ஆசையோடு வாங்கிவிடாதீர்கள். தடைக் காலத்தில் பறிக்கப்பட்டதாக, கல்லறையிலிருந்து எடுத்ததாக, ஆளில்லாத ஊரிலிருந்து தூக்கியதாக அது இருக்கலாம். குடும்பத்தில் ஒருவரே விற்றிருந்தாலும், குலத்தின் பொதுச் சொத்தை விற்க அவருக்கு உரிமை இருந்திருக்காது. அலாஸ்காவின் க்ளுக்வான் ஊரில் திமிங்கில வீடு எனப்படும் குல வீட்டின் நான்கு தூண்களும் பலகைத் திரையும் 1984-இல் வெளியே போயின. வழக்கு நடந்தது. அவை குலத்தின் சொத்து, தனி ஆள் விற்க முடியாது என்று 1993-இல் அந்த மக்களின் நீதிமன்றமே தீர்ப்புக் கூறியது. பொருள்கள் ஊர் திரும்பின.

எனவே பழைய பொருளுக்குக் கைமாறிய வரலாறு முழுவதும் வேண்டும்: யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எந்த ஆவணத்தோடு. இடையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் விலகிவிடுங்கள். ஏற்கெனவே உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால், அந்தக் குடியின் பண்பாட்டு மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். திருப்பிக் கொடுப்பதாக முடிந்தால் அது ஒரு நல்ல காரியம்.

எல்லை தாண்டும்போது

புதிய சிற்பத்தைக் கனடாவுக்கு வெளியே கொண்டுபோகப் பண்பாட்டுச் சொத்து அனுமதி தேவையில்லை. 50 ஆண்டுக்கு மேற்பட்டதும், செய்தவர் உயிரோடு இல்லாததுமான பொருள் என்றால் ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். வாங்குமுன் கனடா எல்லைச் சேவையிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சிற்பத்தில் பதித்திருப்பவற்றையும் கவனியுங்கள். கழுகு இறகு, திமிங்கில எலும்பு, கடற்சிங்க மீசைமுடி போன்றவற்றுக்குக் கடுமையான தடைகளும் அனுமதிகளும் உண்டு. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் பொருளில் இவை வேண்டாம் என்று சிற்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் மாற்று வைப்பார். இந்தியாவுக்கு மரப்பெட்டியில் அனுப்பினால், அந்தப் பெட்டி வெப்பப் பதம் செய்யப்பட்டதற்கான பன்னாட்டு முத்திரையோடு இருக்க வேண்டும். சிற்பத்தைச் சுங்கத்தில் அறிவித்து, அசல் ரசீதையும் சான்றையும் காட்டுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதலில் ஆதாரத்தைத் திரட்டுங்கள். ரசீது, கடையின் விளம்பரப் படம், மின்னஞ்சல், பொருளின் முன்னும் பின்னும் எடுத்த படங்கள். போலி என்ற சந்தேகத்தைச் சிற்பியிடமோ, அவர் பெயர் தெரியாவிட்டால் அந்த மரபை அறிந்த பண்பாட்டு மையத்திடமோ கேட்டு எழுத்தில் பெறுங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பணத்தைத் திருப்பித் தர ஒரு நாள் குறியுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே மறுப்புத் தெரிவியுங்கள், அதற்குக் காலக்கெடு குறைவு.

அமெரிக்காவில் வாங்கியதென்றால் உள்துறையின் கீழ் இயங்கும் இந்தியக் கலை, கைவினை வாரியத்தில் புகார் செய்யலாம். கட்டணமில்லா எண் 1-888-278-3253. ஒரு கடையைப் பற்றிப் பலர் தரும் புகார்களே பெரிய வழக்காகத் திரள்கின்றன, சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாங்கியதென்றால் மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடமும் கூட்டாட்சிப் போட்டி ஆணையத்திடமும் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற, 5,000 டாலர் வரை இணையவழித் தீர்ப்பாயத்திலும், அதற்கு மேல் 35,000 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்திலும் நீங்களே வழக்குப் போடலாம். பொதுவாக, ஏமாற்றம் தெரியவந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஒன்டாரியோவிலும் பொதுவான காலவரம்பு அதுதான்.

எழுத்தில் வாங்கிய சொல்லுக்கு நீதிமன்றத்தில் எத்தனை வலிமை என்பதை ஒன்டாரியோ வழக்கு ஒன்று காட்டுகிறது. ஓஜிப்வே ஓவியர் நார்வல் மாரிசோவின் படைப்பு என்று சொல்லி விற்ற ஓர் ஓவியத்தை இசைக் கலைஞர் ஒருவர் 2005-இல் 20,000 டாலருக்கு வாங்கினார். கைமாறிய வரலாறு என்று கேலரி கொடுத்த விவரம் பொய் என்று பிறகு தெரிந்தது. முதல் நீதிமன்றத்தில் தோற்றார், விடவில்லை. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 60,000 டாலர் வழங்கியது. 2023-இல் மாரிசோ பெயரிலான போலிகள் தொடர்பாக 8 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் கைப்பற்றப்பட்டன. மரமானாலும் ஓவியமானாலும் ஒரு வாடிக்கையாளர் விடாமல் கேட்ட கேள்வி இவ்வளவு தூரம் போகும்.

வீட்டுக்கு வந்தபின்

ஹீட்டருக்கு மேலும் நேர்வெயிலிலும் வைக்காதீர்கள். சிடார் உலர்ந்து சுருங்கும்போது மெல்லிய வெடிப்பு வருவது இயல்பு. மேசை மெழுகும் வார்னிஷும் பூச வேண்டாம், உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். உடைந்தால் சிற்பியிடமே கேளுங்கள். ரசீதையும் சான்றையும் பத்திரப்படுத்துங்கள், பிள்ளைகளுக்குச் சிற்பத்தைக் கொடுக்கும்போது அந்தத் தாள்களும் கூடவே போகட்டும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் சங்கங்கள் விழாக்களில் விருந்தினருக்கு நினைவுப் பரிசு கொடுப்பது வழக்கம். நாம் குடியேறி வாழும் மண்ணின் மூத்த குடிகளுடைய கலையைப் பரிசாகக் கொடுக்க முடிவுசெய்தால், அது வரவேற்க வேண்டிய பழக்கம். மொத்த வியாபாரியிடம் ஐம்பது பொம்மைத் தூண்கள் வாங்காமல், ஒரு சிற்பியைத் தேடிப் பேசி, அவருக்குப் போதிய காலமும் உரிய விலையும் கொடுத்து, ஐந்தே ஐந்து துடுப்புகள் செய்விக்கலாம். ஒவ்வொன்றோடும் அவருடைய பெயரும் குடியும் உருவத்தின் விளக்கமும் எழுதிய தாளை இணைக்கலாம். மேடையில் பரிசைக் கொடுக்குமுன் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் குடும்பத்தோடு விழாவுக்கு அழையுங்கள்.